இன்னா கேஸு சார்?

லாக்கப் தரை ஈரம் காயவில்லை. காலையில்தான் கழுவியிருக்கிறார்கள். பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. அதற்கும் அடியில், வெயிலேறிய கசாப்புக்கடை வாசலில் வருமே ஒரு கவிச்சி, அது போகாமல் தங்கியிருந்தது.

உத்தமன் ஆவடியில் லாரி மெக்கானிக். டீ குடித்துக்கொண்டிருந்தவனைக் காலரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

"இன்னா கேஸு சார்?"

ஏட்டு சண்முகசுந்தரம் லத்தியை அவன் முட்டியில் இறக்கினார். மறுபடி கேட்டான். அடுத்த முட்டி. திருட்டா, அடிதடியா, இன்னதென்று சொன்னால்தானே இல்லை என்றாவது சொல்ல முடியும்? சுவரில் சாய்ந்து, தான் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எதுவும் இதற்குப் போதவில்லை.

சாயங்காலம் மழை பிடித்தது. ஓட்டின் மேல் இரைந்த மழையையும் மீறி, பக்கத்து அறையிலிருந்து ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல ஒரு சத்தம் விடாமல் வந்தது. நடுநடுவே ஓர் ஆளின் குரல். "வுட்டுடு நைனா... வுட்டுடு..."

வாசலில் இன்னொரு குரல். உத்தமனின் பெண்டாட்டி வசந்தா.

"இன்னா குத்தம்னு வெவரமா சொல்லணுமாம் சார். அதான் சட்டம்னு வக்கீலு சொல்றாரு."

"காலைல வாம்மா, சொல்றோம்," என்றார் ஏட்டு. "இன்னும் முடியல."

முடியலையா? எது?

"வசந்தா!" என்று கத்தினான். மழை விழுங்கிவிட்டது.

அறைச் சத்தம் நின்றது. கதறலும் நின்றது.

பூட்ஸ் சத்தம். பூட்டு. தலைமயிரைப் பிடித்து அந்த அறைக்கு இழுத்துப் போனார்கள்.

தரையில் ஓர் ஆள். முன்பின் பார்த்திராத ஆள். முகம் என்று எதுவும் மிச்சமில்லை. தாடை ஒரு பக்கம் தொங்கியது.

"கேட்டுகினே இருந்தியே," இன்ஸ்பெக்டர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். "கொலை கேஸு. இவன் பேரு துலுக்கானம். லாக்கப்புல சண்டை. நீ அடிச்சே, செத்துட்டான்."

உத்தமன் குனிந்து பார்த்தான். நெஞ்சு ஏறி இறங்கியது.

"சார்... உசுரு கீது சார்!"

"தெரியும்."

ஏட்டு, பிசுபிசுத்த லத்தியை அவன் கையில் திணித்தார். "முடிஞ்சதும் கதவைத் தட்டு."

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

துலுக்கானத்தின் ஒரு கண் திறந்தது. உத்தமனை, அவன் கையை, லத்தியைப் பார்த்தது. பிறகு அந்த உடம்பு, ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு, ரத்தத்தில் வழுக்கி வழுக்கி, அவனைவிட்டு விலகி மூலைக்கு ஊர்ந்தது.