எழுதியவர் பெயர்

உணவு இடைவேளைக்கு நீதிமன்றம் கலைந்ததும் அவன் நேராகக் கீழ்த்தளத்துச் சட்ட நூலகத்துக்கு இறங்கினான். வெளியே வெயில் கொளுத்தியது. படிகள் முடியும் இடத்தில் வெளிச்சமும் முடிந்துபோனது. உள்ளே ஈரக் காகிதமும் பழைய கோந்தும் கலந்த வாடை. குளிரூட்டி, நெஞ்சில் சளி கட்டியவனைப்போல இழுத்து இழுத்து மூச்சுவிட்டது.

காலையில் நீதிபதி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"நீங்க நம்பியிருக்கிற தீர்ப்பு இன்னும் நிக்குதா? இல்ல, பின்னால பெரிய அமர்வு எதாவது மாத்திடுச்சா?"

அவனுக்குத் தெரியவில்லை. பார்க்கவே இல்லை. கையிலிருந்த கோப்பைப் புரட்டினான்.

"சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார் நீதிபதி. பின்வரிசையில் யாரோ தும்முவதுபோலச் சிரித்தார்கள்.

அவனுடைய கட்சிக்காரி தையல் கடை வைத்திருப்பவள். அவள் மகளைக் கணவன் தூக்கிக்கொண்டுபோய் வைத்திருந்தான். நீதிமன்றம் சொன்னதால் இன்று அழைத்து வந்திருந்தான். உத்தரவு கிடைக்காவிட்டால் நாளைக்கு வெளிநாட்டு விமானத்தில் ஏற்றிவிடுவான். தாழ்வார பெஞ்சிலிருந்து அவள் எழுந்து வந்தாள்.

"சார், அந்தத் தீர்ப்பு இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. தாங்கிக்குவேன். நடுவழில இறக்கி விட்டுடாதீங்க."

கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்திருந்தான்.

நூலகர் அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"வாங்க சார். எங்க, மேடம் வரல? ஆளையே காணோம்?"

"வீட்டுல இருக்கா."

"உடம்பு தேவலையா?"

"தேவலை."

அவன் மனைவி சென்ற மழைக்காலத்தில் இறந்துபோனாள். ஊருக்கெல்லாம் சொன்னவன் இங்கே மட்டும் சொல்லவில்லை. கட்டுரைகளும் தீர்ப்புகளும் இருக்கும் தரவுத்தளம் அவளுடைய உறுப்பினர் எண்ணுக்குத்தான் திறக்கும்; அவன் தனக்கென்று எண் வாங்கியதே இல்லை. இறந்தவளின் எண்ணைப் போட்டு உள்ளே போக முதலில் கை கூசியது. பிறகு கூசவில்லை.

அவளும் சட்டம் படித்தவள். வாதாடப் பிடிக்காது, தேடப் பிடிக்கும். அவள் தேடி எழுதினாள். அவன் கையெழுத்துப் போட்டான். பேசினான். மற்ற வக்கீல்கள் அவனுக்கு 'நடமாடும் நூலகம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நூலகம் நடமாடியதே தவிர, ஒரு பக்கமும் படித்ததில்லை.

மூலையில் இருந்த கணினியில் உட்கார்ந்தான். நூற்பட்டியலைத் திறந்து, மனதில் இருந்ததை அப்படியே அடித்தான்: தாய் வேலைக்குப் போனால் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும்.

முடிவுகள் எதுவும் இல்லை.

அவள் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். 'இது நூற்பட்டியல். எந்தப் புத்தகம், எந்த இதழ், எந்த அலமாரி, அவ்வளவுதான் தெரியும். கட்டுரைக்குள்ள என்ன இருக்குன்னு இதுக்கு எப்படித் தெரியும்? வாட்ச்மேன்கிட்ட போயி, மூணாவது மாடில இன்னிக்கு என்ன சமையல்னு கேக்கறியே!'

தரவுத்தளத்துக்கு மாறினான். அவள் எண்ணைப் போட்டான். குழந்தை, தாய், வேலை என்று மூன்று சொற்களை இட்டான். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. தொழிலாளர் சட்டம், மகப்பேறு விடுப்பு, பள்ளிக்கூடக் கட்டணம். வியர்த்தது. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

தட்டும் சத்தம் கேட்டது.

கையை விலக்கிப் பார்த்தான். அவன் இட்ட சொற்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில், சட்டப் புத்தகங்கள் பயன்படுத்தும் சொல் எழுந்தது.

காப்பாளர் உரிமை.

முன்னால் ஒரு மேற்கோள் குறி. பின்னால் ஒன்று. இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும் இடங்கள் மட்டும் போதும் என்று.

விசைகள் தாமாகவே அமுங்கி எழுந்தன.

தலைவலித் தைலத்தின் வாடை வந்தது. திரையைப் பார்த்துப் பார்த்துத் தலை வலிக்கும்போது அவள் நெற்றியில் தேய்த்துக்கொள்வது. பக்கத்து நாற்காலி, யாரோ முன்னால் சாய்ந்ததுபோல முனகியது.

அவன் திரும்பவில்லை.

ஆயிரங்கள் நூறுகளாயின. ஆண்டு வரம்பு நகர்ந்தது. அவன் நம்பியிருந்த தீர்ப்பு திரைக்கு வந்தது. அதன் ஓரத்தில் 'இதைக் குறிப்பிடும் பிற தீர்ப்புகள்' என்றிருந்த இடத்தில் அம்புக்குறி போய் நின்றது. திறந்தது.

கூடுதல் நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பை எப்போதோ ரத்து செய்திருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சோம்பேறி, பார்த்திருக்கமாட்டான். மூடிவிட்டுப் போய், 'நிக்குது' என்று சொல்லிவிடலாம். சுட்டியைப் பிடித்தான்.

அது நகரவில்லை. அவன் புறங்கையின்மேல் குளிர்ந்த எடை ஒன்று இருந்தது.

"விட்டுடு" என்று கிசுகிசுத்தான். "எல்லாம் போயிடும். விட்டுடும்மா."

விடவில்லை. இப்போது கட்டுரைகள் இருக்கும் பகுதி திறந்தது. ரத்து செய்த தீர்ப்பின் பெயர் மேற்கோள் குறிக்குள் விழுந்தது. ஒரே ஒரு கட்டுரை வந்தது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது என்றது கட்டுரை. பெற்றோரின் வாதம் எதுவானாலும், குழந்தையைத் தனியே கூப்பிட்டுப் பேசாமல் நீதிபதி முடிவெடுக்கக் கூடாது. பத்தி எண்கூடக் கொடுத்திருந்தது.

அவன் கண் கட்டுரையின் தலைப்புக்குப் போனது. அதன் கீழே எழுதியவர் பெயர்.

அது அவன் பெயர்.

வெளிவந்தபோது பாராட்டுகளை வாங்கிக்கொண்டான், வாசிக்கவில்லை. இப்போது முதன்முறையாக வாசித்தான். காது மடல்கள் எரிந்தன.

அச்சுப்பொறி ஓடியது. நூலகர் அக்கா தாள்களை எடுத்து வந்தார்.

"உங்க கட்டுரைதானா சார்? அதை நீங்களே தேடுறீங்க!" என்று சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "மேடம் வந்தாங்களா? தைல வாசனை அடிக்குது."

அவன் தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியேறினான்.

நீதிமன்றத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னான். தான் காட்டிய தீர்ப்பு ரத்தானது, சரிபார்க்காதது தன் தவறு. ரத்து செய்த தீர்ப்பையே நீட்டி, சிறுமியிடம் பேசும்படி கேட்டுக்கொண்டான். நீதிபதி கட்டுரையைப் புரட்டினார்.

"அப்பழுக்கில்லாம எழுதியிருக்கீங்க. நீங்க எழுதினது காலைல உங்களுக்கே ஞாபகம் இல்லையா?"

அரங்கம் சிரித்தது. நான் எழுதவில்லை என்ற சொற்கள் தொண்டைவரை வந்தன. கறுப்பு அங்கிகள் எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மறந்துட்டேன், ஐயா" என்றான்.

சிறுமி நீதிபதியின் அறைக்குள் போனாள். நெடுநேரம் கழித்து வந்தாள். உத்தரவு தாய்க்குக் கிடைத்தது. தையல்காரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், அவ்வளவு பெரிய பெண்ணை. அவன் காலைத் தொடக் குனிந்தாள்.

"வேண்டாம்மா" என்று கத்திவிட்டான். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

மறுபடி கீழே இறங்கினான். நூலகர் அக்கா மூலை விளக்குகளை அணைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்.

"அக்கா, அவ உறுப்பினர் எண்ணை ரத்து பண்ணிடுங்க."

"ஏன் சார், வெளியூருக்குப் போயிட்டாங்களா?"

"செத்துப்போயிட்டா. மழைக்காலத்துலயே."

அக்கா பையைக் கீழே வைத்தார். தன் கணினியில் நான்கைந்து விசைகளை அமுக்கினார். "பண்ணிட்டேன்" என்றார்.

அப்போது மூலைக் கணினியின் திரை ஒளிர்ந்தது.

இருவரும் பார்த்தார்கள். தேடல் கட்டம் திறந்திருந்தது. தலைப்பில் அல்ல, பொருளில் அல்ல. 'எழுதியவர் பெயர்' என்ற கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

அவள் பெயர்.

முடிவுகள் எதுவும் இல்லை.

அழிந்தது. மேற்கோள் குறிகளுக்குள் மறுபடி விழுந்தது.

முடிவுகள் எதுவும் இல்லை.

முன்னெழுத்தாக அவன் பெயரின் எழுத்தைச் சேர்த்துப் பார்த்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அவள் அப்பாவின் எழுத்தை. பிறகு பாதிப் பெயர் மட்டும். ஆண்டு வரம்பு அத்தனையும் திறந்துவிடப்பட்டது. எல்லா இதழ்களும் சேர்க்கப்பட்டன.

முடிவுகள் எதுவும் இல்லை.

"சார்..." அக்கா அவன் சட்டைக்கையைப் பிடித்தார். "யாரு சார் தேடுறது?"

அவனால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. பாய்ந்துபோய் மின்கம்பியைப் பிடுங்கினான்.

திரை அணைந்தது.

இருட்டில் விசைகள் தட்டிக்கொண்டே இருந்தன, பொறுமையாக, முதல் எழுத்திலிருந்து.