முறியாத சிவப்புக் கோடு

அந்தப் பெண் வந்து கதவைத் தட்டியபோது, அண்ணி தையல் மெஷினைக் கழற்றி ஒவ்வொரு பாகமாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு வருடம் இயந்திர விபத்துகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது. அவரை அண்ணி என்று அழைக்க உரிமை உள்ளவர் கொழுந்தன் ஒருவர்தான். அந்தக் கொழுந்தன் பகலெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று கூவிக் கூவி, தெரு முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. கொழுந்தனுக்குக் கடைவீதியில் பூட்டு, சாவிக் கடை. அதனால் அவர் பெயர் பூட்டு. நாற்பது வயதில், கடையைப் பாதி நேரம் மூடி வைத்துவிட்டு அண்ணியோடு துப்புத் துலக்கக் கிளம்பிவிடுவார்.

"மெஷின் விபத்துன்னா நீங்க பார்ப்பீங்கன்னு சொன்னாங்க மேடம்," என்றாள் வந்தவள். முப்பது வயதிருக்கும். கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கியிருந்தது.

"உட்காரும்மா. என்ன மெஷின்?"

"பீரங்கி."

மூலையில் உட்கார்ந்திருந்த பூட்டு கையிலிருந்த தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

அவள் ஒரு பீரங்கித் தொழிற்சாலையில் வடிவமைப்பாளர். "குண்டை உள்ள தள்ளினதும் பின்பக்க வாயை மூடணும். என்னோட டிசைன்ல ஒரு இரும்புக் கட்டை கீழேருந்து மேல ஏறி அடைக்கும். பிளாக்னு சொல்வோம். வாயைத் திறக்கும்போது பிளாக் கீழ இறங்கும், ஸ்பிரிங் நல்லா அமுங்கிக்கும். ஒரு கொக்கி அதைப் பிடிச்சு நிறுத்தி வைக்கும். குண்டு போய்க் கொக்கியைத் தட்டினதும் ஸ்பிரிங் பிளாக்கை மேல தூக்கி மூடிடும்."

"தானா மூடிக்கிற கதவு மாதிரி!" என்றார் பூட்டு.

"ஆமா சார். ஆனா இந்தக் கதவு முப்பது கிலோ."

ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு நட்டுதான் தீர்மானிக்கும். ஒவ்வொரு பல்லாகத் திருப்பத் திருப்ப இறுக்கம் கூடும். வரைபடப்படி அது ஆறாவது பல்லில் இருக்க வேண்டும். அதைப் பொருத்தியவர் ஃபிட்டர். அவர் இவளுடைய சொந்த அண்ணன். முந்தாநாள் காலையில் பொருத்தினார். மதிய உணவுக்குப் பிறகு நடந்த முதல் சோதனையிலேயே பிளாக் பேய் வேகத்தில் ஏறி, மேலே இருந்த தடுப்பை உடைத்தது. ஒரு சில்லு பறந்து அவர் நெற்றியைக் கிழித்தது.

"மூணு தையல். கண்ணுக்கு ஒரு விரல் மேல. அப்புறம் பார்த்தா நட்டு ஒன்பதாவது பல்லுல இருக்கு. இறுக்கி முடிச்சதும் நட்டுலேருந்து ஸ்பிரிங் இருக்கற டப்பா வரைக்கும் சிவப்புப் பெயிண்ட்ல ஒரு கோடு இழுப்பாங்க. யாராவது திருப்பினா கோடு முறிஞ்சுடும். கோடு முறியல மேடம்."

"அப்போ ஒன்பதுல வச்சுக் கோடு போட்டதே உங்க அண்ணன்னு சொல்றாங்க."

"இல்லன்னா என் கணக்குல தப்பு, ஆறு போதாம அவனே கூட்டி வச்சிருக்கான்னு சொல்றாங்க. ரெண்டுல ஒண்ணு. இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை. தப்பு அவன்மேலன்னா அவன் வேலை போகும், வேற எங்கயும் சேர்த்துக்க மாட்டாங்க. என்மேலன்னா டிசைனைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க."

"நீ யாரைச் சந்தேகப்படறே?"

அவள் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கணக்கைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்துட்டேன். அண்ணனைத்தான் மேடம். ஒரே வீடு. ரெண்டு நாளா பேச்சு இல்ல."

அண்ணி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

சோதனைக் கூடம் உயரமான தகரக் கூரையின் கீழ் இருந்தது. நடுவில் குழல் இல்லாத பின்பாகம் மட்டும் ஒரு மேடையில் நின்றது. உடைந்த தடுப்புக்குப் பதில், மறுபடி உடையாதபடி இரண்டு மடங்கு தடிமனாகப் புதிது மாட்டியிருந்தார்கள். நட்டை மட்டும் விசாரணைக்காக யாரும் தொடவில்லை. தர ஆய்வாளரான பருத்த மனிதர் வியர்த்து வழிந்தபடி காத்திருந்தார். தள்ளி ஒரு ஸ்டூலில் நெற்றிக் கட்டோடு ஃபிட்டர். தங்கையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆய்வாளர் முதல் வேலையாக லீவரை இழுத்து வாயைத் திறந்தார். பிளாக் கீழே இறங்கிக் கொக்கியில் நின்றது. "உள்ள ஒண்ணுமில்லன்னு எல்லாருக்கும் தெரியணும். திறக்காம யாரும் கிட்ட வரக் கூடாது. சாப்பிடப் போனாலும் திறந்து வச்சுட்டுத்தான் போவோம். இப்ப பாருங்க, கோடு."

கோடு நட்டில் தொடங்கி, லீவரின் அடியில் புகுந்து, டப்பா வரை அழகாக, முறியாமல் ஓடியது.

"நீங்க நட்டை வைக்கிறது எப்படி?" என்று அண்ணி ஃபிட்டரைக் கேட்டார்.

"மூடி வச்சுதாம்மா. மூடினா ஸ்பிரிங் தளர்ந்துக்கும், ஒரு கையால திருப்பலாம். வச்ச கையோட கோடு போட்டுட்டுத்தான் திறப்பேன். ஆறுலதான் வச்சேன். இனி சொல்லி என்ன ஆகப்போகுது?"

"கொஞ்சம் மூடுங்களேன்."

ஃபிட்டர் மரத்தால் செய்த போலிக் குண்டை எடுத்து, விரல்களை மடக்கி, முஷ்டியால் உள்ளே தள்ளினார். டங்! கூரைத் தகரம் அதிர்ந்தது. மேலேறிய பிளாக் அவர் முஷ்டியைத் தானே மேலே தள்ளிவிட்டது.

"யப்பா! என்ன சத்தம்!" என்றார் பூட்டு.

"கேன்டீன் வரைக்கும் கேக்கும்," என்றார் ஆய்வாளர்.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நட்டின் அருகே குனிந்தார். பூட்டும் எட்டிப் பார்த்தார். பிளாக் ஏறியதில் லீவர் கால் வட்டம் சுற்றியிருந்தது. அதுவரை லீவருக்குப் பின்னால் மறைந்திருந்த டப்பாவின் விளிம்பு இப்போது தெரிந்தது. துடைத்து வைத்ததுபோல் வெறும் உலோகம். லீவரின் ஓரத்தில் மட்டும் மிளகளவு சிவப்புப் பொட்டு ஒன்று இருந்தது. பெயிண்ட் என்றால் அங்கே இங்கே சிந்தத்தான் செய்யும் என்று பூட்டு நினைத்துக்கொண்டார்.

"முந்தாநாள் சாப்பாட்டு நேரத்துல இந்தச் சத்தம் கேட்டுதா?"

"இல்லவே இல்ல. நானும் மேலாளரும் இந்தக் கூடத்து ஆளுங்க எல்லாரும் கேன்டீன்லதான் இருந்தோம்."

"கூடத்துச் சாவி?"

"மூணு. எங்கிட்ட ஒண்ணு, மேலாளர்கிட்ட ஒண்ணு, தலைமை வரைவாளர்கிட்ட ஒண்ணு."

தலைமை வரைவாளரைத் தொழிற்சாலையே ஸ்கேல் என்றுதான் அழைத்தது. அவர் அறையில் பேப்பர் குண்டூசி கூட வரிசையில் நின்றது. சுவரில் பெரிய வரைபடம்: திருகுபோலச் சுற்றி மூடும் வேறொரு அடைப்பு.

"அது என்னோடது," என்றார் ஸ்கேல். "மூணு வருஷ உழைப்பு. நம்பகமானது. கமிட்டிக்கு வேகம்தான் வேணுமாம், அந்தப் பொண்ணோடதை எடுத்துக்கிட்டாங்க. கெட்டிக்காரிதான், ஆனா அவசரம். பாவம், அண்ணனையும் சேர்த்து மாட்டி விட்டுட்டா."

"சோதனையை நீங்க பார்த்தீங்களா?"

"நான் பேப்பர் ஆளும்மா. சாவி சும்மா கையில இருக்கு. அந்த இரும்புப் பக்கம் நான் போனதே இல்ல. மதியச் சாப்பாடுகூட இங்கேயேதான்."

அவருடைய வரைபலகை இரும்புக் குழாய்க் கால்களில் நின்றது. பென்சில் தானாக உருண்டு கீழே விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடியும் உருண்டது. பலகையின் வலது காலடியில் மடித்த காகிதம் ஒன்று செருகியிருந்தது. சலித்துப்போய், பென்சிலை இழுப்பறையில் போட்டு, விரல்களை மடக்கி முஷ்டியால் தள்ளி மூடினார்.

வெளியே வந்ததும் பூட்டுக்குத் தாங்கவில்லை. "அண்ணி, சத்தியமா ஆய்வாளர்தான்! எப்படி வேர்த்துக் கொட்டுது பார்த்தீங்கல்ல?"

"அந்தக் கூடத்துல ஃபேன் இல்ல தம்பி. நீ உன் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு வந்தியா?"

"அது இல்லாம நான் குளிக்கக்கூடப் போறதில்ல."

"அப்போ மேலாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன். நாலு மணிக்கு ஸ்கேல் கூடத்துக்கு வந்ததும் உனக்கு ஒரு வேலை இருக்கு."

நாலு மணிக்கு எல்லோரும் மேடையைச் சுற்றி நின்றார்கள். மேலாளர் கையில் ஒரு கோப்பு. அண்ணனும் தங்கையும் எதிரெதிர் மூலையில். பூட்டு மட்டும் ஐந்து நிமிடம் தாமதமாக, செய்தித்தாளில் நீளமாக எதையோ சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"இந்தக் கோட்டை எல்லாரும் பார்த்தீங்க," என்று அண்ணி தொடங்கினார். "ஆனா எல்லாரும் திறந்து வச்சுத்தான் பார்த்தீங்க. அதுதான் இங்க விதி. நல்ல விதிதான். அதனாலதான் ஒருத்தர் கண்ணுக்கும் படல. இப்ப மூடிட்டுப் பாருங்க."

டங்! ஆய்வாளர் குனிந்தார். வியர்வை சொட்டியது. "அட, கோடு நடுவுல விட்டுப்போயிருக்கே!"

"விட்டுப்போகல. கோடு போட்டப்போ அந்த இடத்தை லீவர் மறைச்சுக்கிட்டு இருந்தது. பிரஷ் லீவர் ஓரத்துல பட்டுப் பொட்டு விழுந்திருக்கு. அதாவது வாய் திறந்திருக்கும்போது போட்ட கோடு. ஃபிட்டர் மூடி வச்சுத்தான் போடுவார். அந்த அலமாரியில அவர் போட்ட பழைய டப்பாக்கள் பதினாலு இருக்கு. பதினாலுலயும் கோடு முழுசு. இதுல மட்டும் அவரோட கோட்டைச் சுரண்டிட்டு, வேற யாரோ புதுசா போட்டிருக்காங்க."

"திறந்து வச்சு எதுக்குச் செய்யணும்?" என்றார் மேலாளர்.

"மூடினா என்ன ஆகும்னு இப்பத்தானே காதால கேட்டீங்க? சாப்பாட்டு நேரத்துல இந்தச் சத்தம் கேட்டா கேன்டீனே ஓடி வரும். திறந்தபடியே வேலையை முடிக்கணும். அதுல ஒரு சிக்கல். தம்பி, திறந்து வச்சு நட்டைத் திருப்பு பார்க்கலாம்."

பூட்டு ஸ்பானரைப் பிடித்துத் தொங்கினார். பல்லைக் கடித்தார். முகம் சிவந்தது. நட்டு அசையவில்லை.

"ஸ்பிரிங் முழுசா அமுங்கியிருக்கு. வெறும் ஸ்பானரால ஆகாது. பிடியில ஒரு நீளக் குழாயை மாட்டணும். கூடத்துல குழாய் எடுத்தா கணக்கு இருக்கும். தன்னோட அறையில இருந்து எடுத்தா யார் கேக்கப் போறாங்க?"

பூட்டு செய்தித்தாளைப் பிரித்தார். வரைபலகையின் வலது கால். அதன் ஒரு முனை நசுங்கிச் சதுரமாகியிருந்தது. உள்ளே கருப்பு கிரீஸ். ஸ்பானர் பிடியில் செருகினார். நசுங்கிய சதுரம் பிடியின்மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இழுத்தார். நட்டு 'கிளிக்' என்று பத்தாவது பல்லுக்குப் போனது.

"முனை நசுங்கினதால கால் பழையபடி பொருந்தல. பலகை சாஞ்சுது, பென்சில் உருண்டுது. குண்டூசியைக்கூட வரிசையில வைக்கிற மனுஷன் ரெண்டு நாளா சாஞ்ச பலகையில வேலை செய்யறார். ஆள் வச்சுச் சரி பண்ணாம காகிதத்தைச் செருகி வச்சிருக்கார்."

எல்லோரும் ஸ்கேலைப் பார்த்தார்கள்.

"குழாயை யார் வேணா எடுத்திருக்கலாம்," என்றார் அவர். குரல் மட்டும் கொஞ்சம் தடித்தது. "நான் இந்த மெஷினைத் தொட்டதே இல்ல."

"இழுப்பறையை ஏன் முஷ்டியால மூடறீங்க?"

ஸ்கேல் தன் வலது கையைப் பார்த்தார். அது இப்போதும் மடங்கியேதான் இருந்தது.

"விரலை நீட்டித் தள்ளினா பிளாக் நறுக்கிடும்," என்று ஃபிட்டர் மெதுவாகச் சொன்னார். "குண்டு போட்டுப் பழகின கை மட்டும்தான் அப்படி மடங்கும். பழகிட்டா அப்புறம் எதைத் தள்ளினாலும் அப்படித்தான்."

"சாப்பாட்டு நேரமும் நீங்க மட்டும் தனியா இருந்தீங்க," என்றார் அண்ணி. "இனி நீங்களே சொல்லிடுங்க."

ஸ்கேல் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "இருபது வருஷம் முன்னாடி ஃபீல்டுல பீரங்கிக்குக் குண்டு போட்டவன் நான்," என்றார் ஸ்கேல் கடைசியில். "யாருக்கும் அடிபடணும்னு நினைக்கல. வேகமா அடிச்சு நின்னுடும், டிசைன் சரியில்லன்னு தள்ளிடுவாங்கன்னுதான்..."

"கண்ணுக்கு ஒரு விரல் மேல," என்றார் அண்ணி. அவருக்குக் கோபம் வந்து அன்றுதான் பூட்டு பார்த்தார்.

ஸ்கேலை அழைத்துக்கொண்டு போன பிறகு, மேலாளர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து ஃபிட்டரிடம் நீட்டினார். "காலையில நீங்க குடுத்தது. இனி இது வேண்டாம்."

தங்கை அதை வெடுக்கென்று வாங்கிப் படித்தாள். 'நட்டைத் தவறாக வைத்தது நான்தான். வரைபடத்தில் பிழை இல்லை.' கீழே அண்ணனின் கையெழுத்து.

"நீ ஆறுலதானே வச்சே? அப்புறம் ஏன்டா இப்படி எழுதிக் குடுத்தே?"

"நான் வச்சது ஆறுன்னு எனக்குத் தெரியும்," என்றார் ஃபிட்டர் தரையைப் பார்த்து. "அப்போ உன் படத்துலதான் எங்கயோ தப்புன்னு நெனச்சேன். நீ ராத்திரி பகலா போட்டது. என் வேலைதானே, போகட்டும்னு..."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் உன்னைச் சந்தேகப்பட்டுத்தான்டா இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"தெரியும். ரெண்டு நாளா டீகூடக் குடுக்கலையே நீ."

அவள் அந்தத் தாளைச் சுக்கு நூறாகக் கிழித்து அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். தையல் வலித்திருக்கும். அவர் சிரித்தார்.

பிறகு ஃபிட்டர் பீரங்கியின் வாயை மூடி, நட்டை ஒரு கையால் ஆறாவது பல்லுக்குக் கொண்டுவந்து, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு பிரஷ்ஷைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் போட்ட கோடு கொஞ்சம் வளைந்துதான் போனது. ஆனால் எங்கும் விட்டுப்போகவில்லை. அவர் பீரங்கியின் வாயைத் திறந்து, மரக் குண்டை அவளிடம் நீட்டினார்.

"உன் மெஷின். நீயே தள்ளு. விரலை மடக்கிக்கோ."

அவள் முஷ்டியால் தள்ளினாள். பிளாக் அளவாக ஏறி, அவள் கையை மேலே தள்ளிவிட்டு, டங் என்று மூடிக்கொண்டது. கேன்டீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.