சூடேறிய சாட்சி

சங்கிலிமுத்துவின் உயிர் இரண்டாவது முறையும் தேறவில்லை. "படம் விட்டுவிட்டு வருகிறது. உயிர்ப்பு உறுதியாகவில்லை. இறுதி வாய்ப்பு, வரும் வெள்ளி மாலை நான்கு மணி" என்று மடிக்கணினியின் திரையில் எழுத்து வந்தது. கீழே ஒரு மஞ்சள் பூவின் படம். அந்தப் பூவைப் பார்த்ததும்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டே, பூவைப் போட்டவனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். செத்தவன் இப்படித் திட்ட மாட்டான் என்று உயிர்மானி என்ற அந்த நிரலுக்குத் தெரியாது. அதற்குக் காது கிடையாது.

உயிர்மானி பார்ப்பது கன்னத்தை மட்டும். இதயம் துடிக்கிற ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் ரத்தம் ஏறி இறங்கும். தோலின் நிறம் துளி மாறும். நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் அசையாமல் முகத்தைக் காட்டினால், அந்த நிறமாற்றத்தை எண்ணிப் பார்த்து ஆள் இருக்கிறார் என்று சான்று தரும். அதற்கு நொடிக்கு முப்பது படமாவது வேண்டும். கணினி சூடாகி எட்டோ பத்தோதான் பார்க்க முடிந்தது என்றால், நடுவில் துடித்த துடிப்பெல்லாம் துடிக்காத துடிப்புதான்.

வசிப்புரிமைத் துறையின் வீடுகளில் தனியாக இருக்கிறவர்கள் எல்லாரும் மாதம் ஒரு தடவை இப்படி முகம் காட்டியாக வேண்டும். தவறினால் வாரம் ஒன்றாக இன்னும் இரண்டு வாய்ப்பு. அதுவும் போனால் மறைவு என்று பதிவாகிவிடும். அந்த நிமிஷமே கதவுப் பூட்டு அவருடைய கைரேகையை மறந்துவிடும், வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். நேரில் போய் நான் சாகவில்லை என்று சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது. அதை மூடிவிட்டார்கள். வருகிறவர்கள் அத்தனை பேரும் அதையேதான் சொல்கிறார்களாம்.

வேறு நல்ல கணினி வாங்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. எந்தக் கருவியைப் பதிந்தாரோ அந்தக் கருவியில்தான் முகம் காட்ட வேண்டும். புதியதைப் பதிய நடப்பு உயிர்ச் சான்று வேண்டும். சங்கிலிமுத்து பதிந்தது, அவருடைய அக்கா மகன் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட பதினான்கு வயதுக் கணினி.

அவர் முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். சூடாகிற எஞ்சினுக்கெல்லாம் பயப்படுகிறவர் இல்லை. கணினியின் நான்கு மூலைக்கும் பாட்டில் மூடி வைத்துத் தூக்கிப் பார்த்தார். மேஜை மின்விசிறியைத் திருப்பி வைத்தார். ஈரத்துண்டை மடித்து அடியில் போட்டார். கடைசியில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே எடுத்ததும் அதற்கு வேர்த்துக் கொட்டியது, இரண்டு நாள் திரையில் கோடு கோடாக ஓடியது. இந்தக் கடைசி வைத்தியத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் மைமூனின் பழுதுக்கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனார். மைமூனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளும் துறை வீட்டில் தனியாக இருப்பவள்தான். கேள்வி எதுவும் கேட்காமல் கணினியைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைத் திறந்தாள்.

உள்ளே இருந்ததைப் பார்த்துச் சங்கிலிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திண்டு. தூசி, பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கு, நரைமுடி, கரப்பான் கால்கள் எல்லாம் சேர்ந்து ஈரமாக இறுகியிருந்தன. மைமூன் இடுக்கியால் இழுத்தாள். பிய்யாமல் ஒரே துண்டாக வந்தது.

"இம்புட்டும் என் வீட்டு அழுக்கா தாயி?"

"முடி உங்க முடிதான் அண்ணாச்சி. கரப்பான் யாருதுன்னு சொல்ல முடியாது." அவள் கணினியின் மூளையான செயலிச் சில்லைத் துடைத்தாள். சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருந்த வெப்பப்பசை காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. "ஓரத்துல துரு ஏறியிருக்கே. ஃபிரிட்ஜுல வச்சீங்களா?"

சங்கிலிமுத்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

புதுப் பசை தடவி, விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடிவிட்டு ஓடவிட்டாள். விசிறி சுத்தமாகச் சுற்றியது. இருந்தும் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. எண்பது, எண்பத்தாறு, தொண்ணூற்று மூன்று. அந்த அளவு சூடானால் செயலி தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். திரையிலோ ஒரு நிரலும் திறந்திருக்கவில்லை.

சங்கிலிமுத்து உள்ளங்கையைக் கணினியின் மேல் வைத்துப் பார்த்தார். "வண்டி ஸ்டாண்டுல நிக்குது, எஞ்சின் மேட்டுல ஏறுதாப்புல உறுமுது. யாரோ உள்ள உக்காந்து ஆக்ஸிலரேட்டர மிதிக்கான் தாயி."

மைமூன் இடுக்கியைத் துடைத்தாள். அவளுக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. டிப்போவில் எத்தனையோ பேர் இப்படி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர் அவர்.

"சொல்லு."

"உயிர்மானிதான் மிதிக்கு," என்றாள். "துறைக்குன்னு சொந்தமா கம்ப்யூட்டர் ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. உங்க மொகம் வேற யார் வீட்டு மெஷினுக்கோ போகுது. அதுதான் உங்க துடிப்ப எண்ணுது. உங்க மெஷினு வேற ஊர் ஆளுங்க துடிப்ப எண்ணிக்கிட்டு இருக்கு. ராப்பகலா அதுதான் வேலை. உங்க மொகம் எப்ப வரும்னு கேமராவத் தெறந்து வச்சுக் காத்துக்கிட்டும் இருக்கு. சேரும்போது 'நலப்பணியில் பங்கேற்கிறேன்'னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சீங்கள்ல, அதான்."

"எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?"

"ஆறு மாசமா. யாரும் கேக்கல. எல்லாருக்கும் பாஸானா போதும்."

சங்கிலிமுத்து கணினியின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தொண்ணூற்று மூன்று டிகிரியில், கரப்பான் கால்களோடு திக்கித் திக்கி ஓடிய இந்தச் சனியனா ஊரான் உயிரைப் பரிசோதித்தது? எத்தனை பேரைப் பார்த்தது என்று கேட்டார். மைமூன் மறைவாக இருந்த பதிவைத் திறந்தாள். ஜனவரியிலிருந்து ஆயிரத்து முந்நூற்று ஆறு பேர். அதில் இருநூற்றுப் பதினான்கு பேருக்கு உயிர்ப்பு உறுதியாகவில்லை. அவர்களில் மூன்றாம் முறைக்காரர்கள் நாற்பத்தொரு பேர்.

அந்த நாற்பத்தொரு பேரும் மறைந்தவர்கள். இவர் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த பெட்டி சொல்லிவிட்டது.

பெயர் எதுவும் இல்லை, வெறும் எண்கள். அவருக்குத் தனுஷ்கோடியின் நினைவு வந்தது. போன மாதம் அடுத்த கட்டடத்துத் தனுஷ்கோடி, பூட்டிய கதவுக்கு முன்னால் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். கதவில் விரலை வைப்பார், எடுப்பார், வேட்டியில் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார். சங்கிலிமுத்து பார்த்துக்கொண்டேதான் படியேறினார். இந்த ஆள் துறையோடு ஏதாவது ஏடாகூடம் பண்ணியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டார். அன்றைக்குப் புளிக்குழம்பு நன்றாக வேறு இருந்தது. இப்போது அதை நினைக்க வாயில் எச்சில் கசந்தது.

"இந்த வேலைய நிறுத்திப் போடு தாயி."

"நிறுத்தினா உங்க கடைசி வாய்ப்பும் ரத்தாயிரும். நீங்க ஒருத்தரப் பாத்தாதான் உங்கள ஒருத்தர் பாப்பாங்க."

மணி மூன்று நாற்பது. மைமூன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு செய்யலாம். செயலி ஒண்ணு, வேலை ரெண்டு. நாலு மணிக்கு உங்க மொகத்த அனுப்பணும், அதே நேரத்துல வேற ஒரு மொகத்தையும் எண்ணணும். ரெண்டுக்கும் இதுக்குத் தெம்பு இல்ல. எதையாவது ஒண்ண முதல்ல வச்சா, அது திக்காமப் போகும். மத்தது திக்கும்."

"மத்தது யாரு?"

அவள் பட்டியலைப் பார்த்தாள். எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. "மூணாம் முறை ஆளு. மொகத்தக் காட்டவா?"

"வேண்டாம்."

"எத முதல்ல வைக்க?"

சங்கிலிமுத்து எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே சாத்தூர் பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு பின்னால் வந்தது. இவருடைய வீடு இரண்டாம் மாடியில், மேற்குப் பார்த்து, வெயில் காலத்தில் அடுப்பாகக் கொதிக்கிற ஒற்றை அறை. அதை விட்டால் அவருக்குப் போக இடம் கிடையாது. அக்கா போய்ச் சேர்ந்தாயிற்று, அக்கா மகன் போனை எடுப்பதில்லை.

"மத்தவங்கள்லாம் என்ன சொன்னாங்க?" என்று திரும்பாமல் கேட்டார்.

"யாரும் யோசிக்கல அண்ணாச்சி. இந்த வாரம் மட்டும் முப்பது பேருக்குப் பண்ணியிருக்கேன். எல்லா ஊர் கடையிலயும் இப்ப இதான் வைத்தியம். நீங்கதான் ரெண்டு நிமிஷம் யோசிச்சிருக்கீங்க."

இந்தப் பாராட்டு வேறு.

"என்னோடத முதல்ல வை," என்றார் சங்கிலிமுத்து. சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொப்பளித்துவிட்டு வந்து கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நான்கு மணிக்கு உயிர்மானி திறந்தது. திரையில் அவருடைய முகம் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கணினியில் இவ்வளவு வழவழப்பாக ஒரு படம் ஓடி அவர் பார்த்ததில்லை. மூக்கின் மேல் உட்கார்ந்த ஈ காலைத் தேய்ப்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் அதை விரட்டவில்லை. ஐந்து நிமிஷமும் கண்ணை அகல வைத்துக்கொண்டு, பக்கத்துச் சிறு கட்டத்தில் ஓடிய அந்த மற்றவரின் எண்ணைப் பார்க்காமல் இருந்தார். மூன்றாவது நிமிஷத்தில் மட்டும் கண் தன்னால் அந்தப் பக்கம் போய்விட்டது. அது திக்கிக்கொண்டிருந்தது.

முதலில் அந்தக் கட்டத்துக்கு முடிவு வந்தது. மறைவு. பதிவில் இருந்த நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாக மாறியது.

பிறகு இவருடையது வந்தது. "படம் விட்டுவிட்டு வந்தது. உயிர்ப்பு உறுதியாகவில்லை. திரு. சங்கிலிமுத்து அவர்களின் மறைவு பதிவு செய்யப்பட்டது. ஆழ்ந்த இரங்கல்." இந்தத் தடவை பூ வெள்ளை நிறத்தில் இருந்தது.

"திக்கவே இல்லயே," என்றார் அவர். "நீயும் பாத்துக்கிட்டுதான இருந்த. எங்க திக்குச்சு?"

மைமூன் அவசரமாகப் படங்கள் அனுப்பிய விவரத்தைத் திறந்தாள். இங்கிருந்து போனவை ஒன்பதாயிரம் படங்கள். அங்கே போய்ச் சேர்ந்தவையும் ஒன்பதாயிரம். அங்கிருந்த கணினி அதில் எண்ணிப் பார்த்தது இரண்டாயிரத்து இருநூறு.

"நம்ம பக்கம் ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "அங்க உள்ள ஆளு தன்னோடத முதல்ல வச்சிருக்கான்."

சங்கிலிமுத்துவால் அந்த ஆளைத் திட்ட முடியவில்லை. எந்தக் கெட்ட வார்த்தையை எடுத்தாலும் அது பாதி வழியில் அவர் பக்கமே திரும்பியது. அவனும் எங்கேயோ ஒரு கடையில் இரண்டு நிமிஷம் யோசித்திருக்கலாம், யோசிக்காமலும் இருந்திருக்கலாம். அவனும் தேறியிருப்பான் என்பதற்கு என்ன நிச்சயம்? அவனைப் பார்த்த கணினியின் சொந்தக்காரன் என்ன செய்தானோ.

கணினி அணையவில்லை. திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. "மறைந்தவரின் கருவி முழுநேர நலப்பணியில் சேர்க்கப்பட்டது." இனிமேல் அது அனுப்புவதற்குச் சொந்தமாக ஒரு முகம் இல்லை, அதற்காகக் கேமராவைத் திறந்து வைத்துக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரே வேலைதான். வெப்பம் மளமளவென்று இறங்கியது. எழுபது, அறுபத்திரண்டு, ஐம்பத்து நான்கு. விசிறியின் இரைச்சலும் நின்றுபோனது.

அடுத்த முகம் திறந்தது. யாரோ ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், நெற்றியெல்லாம் வேர்வை. கண்ணிமைக்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணினி ஒரு துடிப்பு விடாமல் எண்ணியது. ஐந்து நிமிஷத்தில் பச்சை. உயிர்ப்பு உறுதி. அந்தப் பெண் தலையைக் கவிழ்த்து மேஜையில் வைத்துக்கொண்டு அழுவது ஒரு நொடி தெரிந்தது, அதற்குள் அடுத்த முகம் வந்துவிட்டது. அதுவும் பச்சை.

"இப்பதான் ஒழுங்கா வேலை பாக்குது," என்றாள் மைமூன். அவள் குரலில் இருந்தது சந்தோஷமேதான்.

சங்கிலிமுத்து கணினியை மூடக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைச்சிராதீங்க அண்ணாச்சி. இங்கயே இருக்கட்டும், கரண்டு நான் குடுத்துக்கிடுதேன். நாளைக்குக் காலையில எனக்கு மூணாம் முறை." அவள் பிடியை விடவில்லை. "எனக்கு இதுதான் வரும்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு நல்ல மெஷினு கூடுதலா ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னா, ஒருவேளை வாய்க்கும்ல. இன்னும் பத்திருவது பேரு போயி, அவங்க மெஷினும் இப்படி ஓடுச்சுன்னா இந்தப் பிரச்சினையே இருக்காது."

சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கு அவர் எங்கே போய்ப் படுப்பார் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. சங்கிலிமுத்துவுக்கு அருவருப்பு தட்டியது. அவள் மேலா, தன் மேலா, அந்த வெள்ளைப் பூவின் மேலா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் சொன்ன கணக்கில் பிழை இல்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. தான் தலையாட்டிக்கொண்டிருப்பதை அவர் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

பிளக் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதை நன்றாக அழுத்திவிட்டுப் படியிறங்கினார்.