அணைத்துவிட்ட பெட்டி

டி.வி. பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டிச் சுவரோரம் போட்டிருந்தார்கள். அப்படியும் கண்ணாடியில் கட்டில் தெரிந்தது.

குழந்தைவேலு முதலில் அதை நிழல் என்றுதான் நினைத்தார். கானாடுகாத்தானின் அந்தப் பெரிய வீட்டில் பகல் பதினோரு மணிக்கும் அறைகளுக்குள் வெளிச்சம் தயங்கித் தயங்கித்தான் வரும். ஐப்பசி மழை வேறு மூன்று நாளாக விடவில்லை. முற்றத்துத் தகரத் தூம்பில் தண்ணீர் கொட்டும் சத்தமும், நனைந்த சுண்ணாம்பின் வாடையும், எங்கோ பூட்டிய அறைக்குள் வௌவால்கள் இடம் மாறிக்கொள்ளும் சலசலப்பும் வீடெங்கும் நிரம்பியிருந்தன. அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். கட்டில் போகவில்லை. தேத்தண்ணிக் கறை மாதிரிப் பழுப்பாக, கட்டிலும் அதன் பின்னால் ஜன்னல் கம்பிகளும் உள்ளேயிருந்து தெரிந்தன. கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவளுடைய வலது கை மேலே தூக்கியபடி இருந்தது.

“இதத்தான் அழிக்கணும்” என்றார் ஏகப்பன் செட்டியார். பெட்டிக்கு எதிரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் வீங்கி, வேட்டிக்கு மேலேயே புடைத்துத் தெரிந்தன. “ஒங்களால முடியும்னாக.”

குழந்தைவேலுக்கு இது புதிதல்ல. காரைக்குடி செக்காலை ரோட்டில் ரேடியோக் கடை வைப்பதற்கு முன்னால் பதினைந்து வருஷம் விமானப் படையில் இருந்தவர். வானத்தில் வரும் விமானத்தைப் புள்ளியாகக் காட்டும் ராடார் திரைகளைப் பழுது பார்த்தவர். ஒரே மலையை இரவும் பகலும் காட்டிக் காட்டி, அணைத்த பிறகும் அந்த மலை திரையிலேயே தங்கிவிட்டதைப் பார்த்திருக்கிறார்.

“பயப்படுறதுக்கு ஒண்ணுமில்ல ஐயா. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கு. ஒரே படம் மாசக் கணக்குல அசையாம நின்னா, அந்த எடத்துல பூச்சு வெந்து கறையாயிரும். படம் போகும், தழும்பு நிக்கும்.”

“மாசக் கணக்குலதான் ஓடுச்சு” என்றார் செட்டியார். “பதினோரு மாசம்.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். மனைவி அகிலாண்டேஸ்வரி பக்கவாதத்தில் விழுந்து மாடி அறையில் கிடந்தாள். வாய் பேசாது. வலது கை மட்டும் அசையும். அவரால் மாடிப்படி ஏற முடியாது. சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகன் ஒரு கேமராவைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டி, வயரைக் கீழே இழுத்து, இந்தப் பெட்டியில் இணைத்துக் கொடுத்துப் போனான். அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தூக்குவாள். இவர் பெட்டியில் பார்த்துவிட்டு வேலைக்காரன் பெத்தனை மேலே அனுப்புவார். போன கார்த்திகையில் அவள் இறந்துபோனாள்.

“மக கண்ணம்மை பதினஞ்சு நாள்ல வாரா, வருஷத் திவசத்துக்கு. அவ கண்ணுல இது படக்கூடாது.”

“புதுப் பெட்டி வாங்கிட்டு இதத் தூக்கிப் போட்டுரலாமே ஐயா?”

“பெத்தனும் அதான் சொல்றான். தூக்கிப் போட்டா அவ எங்குட்டுப் போவா?”

குழந்தைவேலு பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். கேமரா வயரைக் கழற்றினார். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி வைத்தார். திரை வெறும் வெள்ளையாக எரிந்தது. கறை படிந்த இடம் மட்டும் மங்கலாக நின்றது. ஒரு வாரம் இப்படியே பகல் முழுவதும் எரிந்தால் மற்ற இடமும் அதே அளவுக்குத் தேய்ந்து, கறை கரைந்துவிடும் என்று பெத்தனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பஸ்ஸில் போகும்போதுதான் அது உறைத்தது. கட்டில் அசையாது. ஜன்னல் அசையாது. அவை பதியும். கை எப்படிப் பதிந்தது? ஏதாவது வேண்டுமென்றால் தூக்குகிற கை. தூக்கினால் இறக்குகிற கை. அது தழும்பாக நிற்க வேண்டுமென்றால் மாசக் கணக்கில் அப்படியே தூக்கியபடி இருந்திருக்க வேண்டும்.

ஜன்னலோரம் மழைச் சாரல் அடித்தது. அவர் ஜன்னல் கண்ணாடியைச் சாத்தவில்லை. கண்ணாடி எதையும் அப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் போனபோது பெத்தன் வாசலிலேயே நின்றான். ஐம்பது வயது ஆள். அந்த வீட்டிலேயே தின்று, தூங்கி, வளர்ந்தவன். இப்போது மாட்டுக் கொட்டிலில் படுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

“கட்டில் போயிருச்சுங்க” என்றான். “ஆச்சி போகல.”

“என்னப்பா சொல்ற?”

“தெனமும் காலைல பாக்குறேன். ஒரு சாண் இங்குட்டு வாராக.”

அறைக்குள் வெள்ளைத் திரை சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. பெத்தன் சொன்னது சரி. கட்டிலும் ஜன்னலும் கரைந்து, இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கை தொங்கியது. பழுப்பு நிறத்தில், முகம் குனிந்து, முடி இரண்டு பக்கமும் சரிந்து, திரையின் நடுவில். ஒரு வருஷம் காலை ஊன்றாதவள் நின்றுகொண்டிருந்தாள்.

கேமரா வயர் கழற்றிப் போட்ட இடத்திலேயே கிடந்தது. அதன் முனையில் தூசி கலையாமல் இருந்தது.

செட்டியார் இளைத்துப் போயிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. நாற்காலியை விட்டு அவர் எழுந்து பல நாள் ஆகியிருக்கும் போல ஒரு புளித்த வாடை.

“என்னமோ இருக்குன்னு நீங்க சொல்லிருங்க வேலு. தழும்புதான்னு இன்னொரு தடவ சொல்லாதீக.”

குழந்தைவேலு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “ஆச்சி போன அன்னைக்கு என்ன நடந்துச்சு ஐயா?”

மழை கொட்டியது. செட்டியார் திரையைப் பார்க்காமல், தன் முழங்கால்களிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“பெத்தன மருந்து வாங்க அனுப்பியிருந்தேன். வீட்டுல வேற யாருமில்ல. அவ கையத் தூக்குனா. என்னால படி ஏற முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும். பெத்தன் வந்துருவான்னு இருந்தேன். கை எறங்கவே இல்ல. கால் மணி, அரை மணி. விரலெல்லாம் நடுங்குது, எறங்கல. இந்தக் கண்ணாடி வழியா என்னையவே பாக்குற மாதிரி இருந்துச்சு.” வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். “தவழ்ந்தாவது ஏறியிருக்கலாம். ஏறியிருக்கலாந்தான். பாக்கச் சகிக்கல வேலு. பெட்டிய அணைச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் சாயங்காலம் பெத்தன் வந்தான்.”

குழந்தைவேலுக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே இரக்கமும் வந்தது. எழுந்து போய்விட்டிருக்கலாம். போயிருந்தால் குழந்தைவேலு பிற்பாடு கண்ணாடி இல்லாத வீட்டில் குடியிருக்க வேண்டியிருந்திருக்காது. ஆனால் அழுகிற கிழவரை அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே விட்டுப் போக மனம் வரவில்லை. மருமகன் கொண்டுவந்த இன்னொரு பெட்டி கட்டுப் பிரிக்காமல் பரணில் இருக்கிறது என்று பெத்தன் சொன்னான். அதை இறக்கச் சொன்னார்.

பழைய பெட்டியை இரண்டு பேருமாகத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். கோணிச் சாக்கைப் போட்டு மூடினார்கள். பெத்தன் அதற்கு மேல் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று கொட்டிலுக்குப் போய்விட்டான்.

புதுப் பெட்டி வைக்கோலும் அட்டையும் மணத்தது. ஒரு தடவைகூட எரியாத கண்ணாடி. சாம்பல் நிறத்தில், கழுவிவிட்ட சிலேட்டுப் பலகை மாதிரிச் சுத்தமாக இருந்தது. குழந்தைவேலு அதைப் போட்டுக் காட்டினார். வெள்ளை. மூலைக்கு மூலை வெள்ளை. செட்டியார் நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

“அந்தக் கேமராவையும் எடுத்துருங்க வேலு. மேல அது இருக்க வேணாம்.”

மாடிப்படி செங்குத்தாக, ஓர் ஆள் அகலத்தில் ஏறியது. மேல் அறையில் கட்டில் இல்லை. அதன் நான்கு கால்களும் நின்ற இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுத்துக் கிடந்தது. ஒரு வருஷமாக யாரும் படுக்காத அறையில் தைல வாடை அடித்தது. காய்ந்த தைலம் இல்லை. இப்போதுதான் யாரோ உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தது போன்ற, சூடான வாடை.

அவர் முக்காலியைப் போட்டு ஏறினார். கேமரா சுவரில் சின்னக் கறுப்புப் பெட்டியாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதன் கண்ணைப் பார்க்காமல் திருகுகளைக் கழற்றினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது துருப்பிடித்திருந்தது. முதுகுக்குப் பின்னால் ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிவது போல ஒரு சத்தம் கேட்டது. திரும்பவில்லை. தூம்புத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டார். இடுக்கியால் வயரை வெட்டினார்.

சத்தம் அவரைத் தாண்டிப் போனது. வாசலை நோக்கி. படியை நோக்கி.

“வேலு!” கீழேயிருந்து செட்டியாரின் குரல். “வயர அத்துட்டீகளா?”

“அத்தாச்சுய்யா!”

குழந்தைவேலு துருப்பிடித்த திருகை நெம்பிக் கேமராவைக் கையில் எடுத்தார்.

“அப்ப இந்தப் படம் எங்கேருந்து வருது?”

குழந்தைவேலு முக்காலியிலிருந்து இறங்கினார். கேமரா கையிலிருந்து நழுவித் தரையில் உடைந்தது. படிக்கு ஓடினார். பாதிப் படியில் இருந்தபோது படிக்கு மேல் எரிந்த பல்பு அணைந்தது. மின்சாரம் போய்விட்டது. வீடே இரைச்சல் அடங்கி நின்றது. தைல வாடை படி நெடுக அவருக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஐயா?”

காலால் துழாவிக் கடைசிப் படியை இறங்கினார்.

சுவரைத் தடவி நடந்தார். அறை வாசல். முற்றத்திலிருந்து வந்த சாம்பல் வெளிச்சம். நாற்காலியின் முதுகு. அதற்கு மேல் செட்டியாரின் நரைத்த தலை. அதற்கும் அப்பால், அணைந்த பெட்டி.

அரை மணி நேரம்கூட எரியாத கண்ணாடி. அதில் பழுப்புக் கறை.

மாடி அறை இல்லை. இந்த அறை. பெட்டிக்குள்ளிருந்து வெளியே பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. நாற்காலி. நாற்காலியில் செட்டியார், வாய் திறந்தபடி. நாற்காலிக்குப் பின்னால் அவள். முடி அவர் தோள் மேல் சரிந்து விழ, குனிந்து, இரண்டு கைகளையும் அவர் முகத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். விரல்கள் அவர் கண்களின் மேல் இருந்தன.

குழந்தைவேலு நாற்காலியைப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அவர் மட்டுமே நின்றுகொண்டிருந்தார்.

சுற்றி வந்து முன்னால் நின்றார். செட்டியார் உயிரோடுதான் இருந்தார். மூச்சு வந்தது. கண்ணீர் தாரையாக ஓடியது.

“கைய எடுக்கச் சொல்லுங்க வேலு.” உதடு மட்டும் அசைந்தது. “கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க. கண்ண மூடணும்.”

மேல் இமைகள் மேலே ஏறி, கீழ் இமைகள் கீழே இறங்கி, தோல் சுருங்கி, விழி இரண்டும் உருண்டையாக வெளியே நின்றன. அந்த இமைத் தோலில், மேலே இரண்டு, கீழே இரண்டு, ஒவ்வொரு கண்ணிலும், விரல் நுனி அளவுக்குக் குழிகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிகள் இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுந்தின.