ஐந்தாம் கட்டை

திருமங்கலத்தில் பருத்தி வரத்து தொடங்கிவிட்டால் ஆகாயத்துக்கும் தரைக்கும் நடுவே எந்நேரமும் வெள்ளையாக ஏதாவது மிதந்துகொண்டேயிருக்கும். 1936-ம் வருஷம், பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில், சிஹாபுதீனின் கடிகார ரிப்பேர்க் கடையில் உட்கார்ந்து அந்தப் பஞ்சை வேடிக்கை பார்த்தபடியே பேயாண்டி பாதித் தூக்கத்துக்குப் போயிருந்தான். பக்கத்துச் சோடாக் கடை அவனுடையதுதான். ஆனால் மனுஷன் குடியிருப்பதெல்லாம் இங்கே. ஊரில் எது காணாமல் போனாலும் சிஹாபுதீனைத் தேடித்தான் வருவார்கள். வருகிற வழக்கை முதல் ஆளாகக் கேட்காவிட்டால் பேயாண்டிக்குச் சோறு இறங்காது.

அன்று வந்தவர் நாடக சபைக் காரியதரிசி மொக்கைச்சாமி. கடைக்காரர்களும் விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுமாகச் சேர்ந்து ஆசைக்கு நடத்துகிற சபை அது. ராத்திரி நாடகம், நோட்டீஸ் கொடுத்தாயிற்று. காலையில் ஆர்மோனியத்தைத் திறந்தால், சுரம் எழுப்புகிற பித்தளை ரீடுகளில் மூன்றைக் காணோமாம். முதல் நாள் ஒத்திகை முடிந்து பெட்டி கொட்டகையிலேதான் இருந்தது. எடுத்தவன் பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் அழகுமலைதான் என்று சபையில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவன் தையல்காரன்; பையில் மிஷின் திருப்புளி இருந்தது. அதோடு, ராஜபார்ட் வேஷம் தனக்கு வேண்டுமென்று போன மாதந்தான் வாய்விட்டுக் கேட்டிருந்தான்.

விளக்கு வைப்பதற்குள் உண்மை தெரியாவிட்டால் அவனை எல்லோர் முன்னாலும் வெளியேற்றப் போவதாக மொக்கைச்சாமி சொன்னார். பேயாண்டியின் தூக்கம் கலைந்தது. திருட்டுப் பட்டம் கட்டிய தையல்காரனிடம் இந்த ஊரில் யார் துணி கொடுப்பார்கள்? சிஹாபுதீன் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கொட்டகைக்குள்ளும் பஞ்சு மிதந்தது. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்க, படுதாவில் எழுதியிருந்த அரண்மனையும் தடாகமும் அசைகிற மாதிரியே இருந்தன. அந்தப் படுதாவுக்கு முன்னால் பாதி வேஷத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் ராஜபார்ட் நல்லகாமன். முகம் ரோஸ் நிறம். கழுத்துக்குக் கீழே காட்டில் காய்ந்த சம்சாரியின் கறுப்பு. அவரைப் பார்த்ததும் பேயாண்டிக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டிருக்கிறான். ஐந்து கட்டைச் சுருதியில் எடுத்தாரென்றால் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இவனும் கூடவே போய்விடுவான். காலையில் யாராவது உலுக்கி எழுப்ப வேண்டும்.

அந்த ஞாபகத்திலேயே நடந்தவன் எதிலோ முட்டியை இடித்துக்கொண்டான். மிருதங்கம். வழக்கமாக வருகிற சின்ன மிருதங்கம் அல்ல, பெரியது. அதற்குரிய முத்திருளன் தள்ளி நின்று தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிராமத்திலிருந்து இப்போதுதான் வண்டியை விட்டு இறங்குவதாகவும், இங்கே நடந்த கூத்து தனக்கு ஒன்றுமே தெரியாதென்றும் அவர் கேட்காமலே சொன்னார். மூலையில் பாதிச் சேலையோடு அழகுமலை உட்கார்ந்திருந்தான். கண் மை கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது.

ஆர்மோனியக்காரர் சேக் இஸ்மாயில் பெட்டியைத் திறந்து காட்டினார். ஐம்பது வயசு மனிதர், குரலே எழும்பவில்லை. மூன்று ஸ்தாயியிலும் ஐந்தாம் கட்டை ரீடு மட்டும் போயிருந்தது. கட்டை என்பது பாடுகிறவரின் சுருதி அளவு. எண் ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். இந்தச் சபையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஆரம்பத்திலிருந்தே ஐந்து கட்டைதான்.

சிஹாபுதீன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி வெகுநேரம் உள்ளே பார்த்தார். கழற்றிய திருகாணிகள் ஒன்றுகூடத் தொலையாமல் அதனதன் துளையிலேயே திரும்ப இருந்தன. அழகுமலையின் திருப்புளியை வாங்கி ஒரு திருகாணியின் மேல் வைத்துப் பார்த்தார். முத்திருளனை ஓரமாகக் கூட்டிப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு எல்லோரையும் படுதாவுக்கு முன்னால் உட்காரச் சொன்னார்.

"அழகுமலை எடுக்கல," என்றார். "இவன் திருப்புளி முனை விரல் தடிமன். இந்தப் பொடித் திருகாணியில வச்சா பித்தளை பிஞ்சுபோகும். ஒண்ணுலகூடக் கீறல் இல்ல. பெட்டியைப் பிள்ளை மாதிரி தொட்டுப் பழகின கை எடுத்திருக்கு."

பகையாளி ஊர்க்காரன் யாராவது இருக்கலாமே என்று பேயாண்டி ஆர்வம் தாங்காமல் குறுக்கே விழுந்தான். பகையாளி என்றால் துருத்தியைக் கிழித்துப் போட்டிருப்பான், மூன்றே மூன்றை எதற்குத் தேடி எடுக்கிறான் என்று சிஹாபுதீன் பொறுமையாகக் கேட்டார். நாலு கட்டையில் வாசித்தால் போன சுரத்தை ஒதுக்கி எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ஐந்தில் வாசிக்க ஆதார சுரமே கிடையாது. ஆக, எடுத்தவருக்கு நாடகம் நிற்கக் கூடாது. ஐந்து கட்டையில் மட்டும் நடக்கக் கூடாது.

"இன்னொண்ணு. பெரிய மிருதங்கம் நாலு கட்டைக்கு, சின்னது அஞ்சுக்கு. முத்திருளன் இப்பத்தான் வண்டியை விட்டு இறங்குனாரு. ரீடு போனது காலையிலதான் தெரியும். அப்புறம் எப்படிப் பெரியதோட வந்தாரு? நேத்துக் காலையிலேயே ஆள் விட்டுச் சொல்லியிருக்காங்க, நாலு கட்டைக்கு உள்ளதைக் கொண்டாங்கன்னு. சொல்லிவிட்டது யாருன்னும் கேட்டுட்டேன்." அவர் குரல் தணிந்தது. "மிருதங்கம் சுருதி சேராம ஒலிச்சா உங்களால தாங்க முடியாது. அதுதானே இஸ்மாயில் அண்ணே?"

சேக் இஸ்மாயில் இடுப்புப் பெல்ட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தார். பஞ்சில் சுற்றிய மூன்று ரீடுகள். அழகுமலையின் மேல் பழி விழும் என்று அல்லா அறியத் தான் நினைக்கவில்லை என்றார். காலையிலிருந்து சொல்ல வாயெடுத்து முடியாமல் போயிற்றாம். ஏன் எடுத்தார் என்று மொக்கைச்சாமி கத்திக் கேட்டார். சேக் இஸ்மாயில் தன்னைத் துரத்திவிடும்படியும், அழகுமலையிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்கும்படியும் சொன்னார், அவ்வளவுதான்.

சிஹாபுதீன் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மீதி அவருக்குத் தெரியும் என்பது பேயாண்டிக்குப் புரிந்தது. அதைத் தன் வாயால் சொல்லமாட்டார் என்பதும் புரிந்தது. அப்போதுதான் நல்லகாமன் கண்ணைத் திறந்தார்.

"இஸ்மாயில் பாய் எனக்காகச் செஞ்சாரு," என்றார். "தை மாசத்துல இருந்து அஞ்சுல எனக்குக் குரல் நிக்கல. பருத்திக் காட்டுக்குள்ள தனியா நின்னு எம்புட்டோ பாடிப் பாத்துட்டேன். உடைஞ்சு உடைஞ்சு போகுது. பாய் காதுக்கு மட்டும் தப்பல."

மாசி மாதத்தில், ராஜபார்ட் குரல் ஒரு தடவை பிசகினாலும் மதுரையிலிருந்து வேறு ஆளை இறக்கிவிடுவேன் என்று மொக்கைச்சாமி சொன்னது எல்லோருக்கும் நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். துண்டை உதறி உதறி மடித்தார். நோட்டீஸில் நல்லகாமன் பேர்தானே போட்டிருக்கிறது, இனிமேல் எங்கே மாற்றுவது என்று யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார்.

நல்லகாமன் எழுந்து அழகுமலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "மாப்ள, நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு இந்தப் பேரு வந்திருக்காது. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அழகுமலை முந்தானையால் முகத்தைத் துடைத்தான். மை இன்னும் அதிகமாகப் பரவியதுதான் மிச்சம். "சொல்லியிருக்கலாம்ல அண்ணே. நாலுல பாடுனா எனக்கும் மூச்சு மிச்சம்," என்றான்.

சேக் இஸ்மாயில் நாலாம் கட்டையை அழுத்திப் பிடித்தார். சுருதி கொட்டகை முழுக்கப் பரவி நின்றது. முத்திருளன் மெல்ல மிருதங்கத்தைத் தட்ட, நல்லகாமன் பாட ஆரம்பித்தார். பேயாண்டி பழக்கதோஷத்தில் கண்ணை மூடி மேலே போகத் தயாரானான். ஆனால் அந்தக் குரல் அன்று எங்கேயும் மேலே போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவனிடம் மட்டும் ஏதோ சொல்வதுபோலப் பாடியது. அழுகை வந்தது, அழுதான்.

பாட்டு முடிந்ததும் நல்லகாமன் அந்தப் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து சேக் இஸ்மாயிலிடம் நீட்டினார்.

"இதையும் இப்பவே மாட்டிடுங்க பாய். அடுத்த நாடகத்துல அழகுமலைதான் ராஜபார்ட். அவனுக்கு அஞ்சு வேணும்."