மூட்டத்தின் உச்சியில் டவர்

தம்பியின் போன் இன்னும் அணையாமல் இருந்ததுதான் செல்லச்சாமியை முதலில் உறுத்தியது. ஆள் காணாமல் போய் மூன்று நாளாகிறது. அடித்தால் மணி போகிறது, எடுக்கத்தான் ஆளில்லை. தம்பி சின்னக்கருப்பனின் போனில் சார்ஜ் ஒரு நாள் நின்றாலே பெரிய காரியம். முதுகுளத்தூருக்குத் தெற்கே இந்தக் கருவேலங்காட்டில் டவர் எங்கே ஒழுங்காக எடுக்கிறது? போன் அதைத் தேடித் தேடியே பாதி சார்ஜைத் தின்றுவிடும். மீதியைத் தின்பதற்குத் தம்பி நெட் போட்டு வைத்திருந்தான்.

திரையில் ‘ஜி’ என்ற இங்கிலீஷ் எழுத்து நின்றால் ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். ‘ஈ’ எழுத்து வந்தால் மளமளவென்று இறங்கும். சார்ஜும் கூடவே இறங்கும், போன் கையைச் சுடும். அந்த ஈ எழுத்துக்காக அவன் மேடு தேடி அலைவான்.

தம்பி பெண்டாட்டி பூமயிலுக்கு நிறைமாதம். மணி போகிறதே, அப்படியென்றால் எங்கேயோ சார்ஜ் போட்டுக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறார் என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். கீழக்கரையிலும் உச்சிப்புளியிலும் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டாகிவிட்டது. இன்று கிளம்பும்போது, “அவரு இல்லாம வராதீக மாமா” என்றாள். அழைத்து வருகிறேன் என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு வந்தான்.

பொழுது சாயும் நேரம். காட்டுக்குள் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. கருவேல விறகை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, உள்ளே தீயை மூச்சுமுட்ட வைத்துக் கரியாக்குகிற குன்று அது. தட்டையான அந்தப் பூமியில் மேடு என்று இருப்பது அது ஒன்றுதான். ஈரமண்ணும் புகையும் கலந்த பழகிய வாடைக்கு அடியில், மூன்று நாளாக இன்னொரு வாடை, முடி பொசுங்குகிற வாடை வந்துகொண்டிருந்தது. நரி ஏதாவது விழுந்திருக்கும் என்று செல்லச்சாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

பாட்டு இறக்கப் போகிறேன் என்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவன்தான் தம்பி. மறுநாள் விடியலில் மூட்டத்தின் உச்சி உள்வாங்கி, ஆள் நுழைகிற அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. காற்றுப் புகுந்தால் அத்தனை விறகும் சாம்பலாகிவிடும். புகையில் கண்ணைத் திறக்க முடியாமல், வைக்கோலைத் திணித்து, ஈரமண்ணை அள்ளி அள்ளிப் போட்டு அடைத்தவன் செல்லச்சாமிதான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை. மூட்டத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று அவனுக்குப் பெருமைகூட இருந்தது.

இப்போது மூட்டத்தின் அடியில், உதிர்ந்த வைக்கோலுக்குள் ஒரு செருப்பு கிடந்தது. தம்பியுடையது.

செல்லச்சாமி தம்பியின் நம்பரை அழுத்தினான். காதுக்குள் மணி போயிற்று. வெளியேயும் ஏதோ கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்தான். தம்பி ஆசையாய் வைத்திருந்த அதே நாதஸ்வரப் பாட்டு. மண்ணுக்குள்ளிருந்து.

பாட்டு நின்றது. எடுத்துவிட்டார்கள்.

போனைத் திரும்பக் காதில் வைத்தான். விறகு வெடிக்கிற சத்தம். அப்புறம் மூச்சு.

“அண்ணே, இங்கன டவர் நல்லா எடுக்குதுண்ணே. சார்ஜே எறங்கல.”

“ஏலே கருப்பா...”

“என்னத்துக்குண்ணே மூடுன?”

போன் கையைச் சுட்டது. திரையைப் பார்த்தான். டவர்க் கம்பிகள் முழுசாக நின்றன. ஈ எழுத்து. சார்ஜ் நிறைந்திருந்தது.

இந்தக் காட்டில் அவன் போனில் ஒரு கம்பிக்கு மேல் நின்றதில்லை.

மெல்லக் குனிந்து பார்த்தான். கருவேல மரங்களின் தலைகள் கீழே இருந்தன. மூட்டத்தின் உச்சிக்கு எப்போது ஏறினான்? உள்ளங்கால் பொசுங்கியது. காலை எடுக்க முடியவில்லை. அன்று அவன் பூசிய மண் காலடியில் வெடித்தது.

வெடிப்புக்குள் தீயின் சிவப்பைக் காணோம். போன் திரையின் நீல வெளிச்சம். அதைப் பிடித்திருந்த ஐந்து விரல்களும் கரி.