மூன்றாவது செட்

"அங்க நிக்காதீங்க மேடம். அடுத்த மாசம் அங்க குழி வெட்டப் போறோம்."

குரல் கேட்டு அவள் சட்டென்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் குரலுக்குச் சொந்தக்காரன் மேலேயே மோதிக்கொண்டாள். மழை அப்போதுதான் பிடித்திருந்தது. மூக்குக் கண்ணாடி நழுவி விழ, அவன் பதறிப்போய் ஒரு அடி பின்னால் வைத்தான்... சரியாக அதன் மேலேயே.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு உலகமே கரைத்துவிட்ட சாயம். எதிரே நின்றவன் நீலச் சட்டை போட்ட ஒரு நெடிய கலங்கல். அவ்வளவுதான் தெரிந்தது.

"பாத்து வரமாட்டீங்களா?" என்றாள் கோபமாக.

"நான் பாத்துத்தான் வந்தேன். பின்பக்கமா நடந்து வந்தது நீங்க" என்றது அந்தக் கலங்கல்.

உண்மைதான். புல் மூடிக் கிடந்த அந்தப் பழைய டென்னிஸ் கோர்ட்டில், கோடு எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்திருந்தாள்.

ஏரிக்கரையிலிருந்த அந்த ஓட்டல் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. புது முதலாளி ஒருவர் அதை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அவன் அந்த வேலைக்கு எஞ்சினியர். கோர்ட் இருந்த இடத்தில் நீச்சல் குளம் கட்ட வேண்டும். அவள் எழுத்தாளர். ஓட்டலின் கதையைப் புத்தகமாக எழுதித் தர வந்திருந்தாள். அங்கே முன்பு நடந்துவந்த டென்னிஸ் போட்டிக்கு ஒரு பக்கம் போதும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அவளுக்குத்தான் போதவில்லை. விசாரிக்க விசாரிக்க அந்தப் போட்டி அவளை இழுத்தது. ஒவ்வொரு கோடையிலும் எங்கெங்கிருந்தோ பெண்கள் மட்டையும் பெட்டியுமாக வந்து இறங்குவார்களாம். ஃபைனல் அன்று சமையல்காரர்கள் கரண்டியும் கையுமாக வேலியோரம் நிற்பார்களாம். மாடியில் காயும் படுக்கை விரிப்புகளை விலக்கிக்கொண்டு சலவைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்களாம். அப்படிப்பட்ட போட்டி ஒரு வருஷம் திடீரென்று நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில்தான் வந்தது. கடைசி ஃபைனலில் ஒருத்தி ஜெயிக்கிற நேரத்தில் பாதியிலேயே ஓடிப்போய்விட்டாள், அதோடு போச்சு.

அவள் யார் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். ஏன் ஓடினாள்? அது தெரியாமல் அவள் அந்த ஊரை விட்டுப் போவதாக இல்லை.

கண்ணாடியை உடைத்தவனே சரிசெய்து தருவதாகச் சொல்லி, குடை பிடித்து அவளை ஜீப்பில் ஏற்றினான். கடைத்தெருவிலிருந்த ஒரு கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனான். கடை அவனுடைய அம்மாவுடையது. அவன் அப்பா காலமான பிறகு அந்த அம்மாதான் தனியாக நடத்திவந்தாள். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, நிமிர்ந்து நடக்கிற பெண்மணி. மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவனுக்குச் சின்ன வயசிலிருந்தே காலில்தான் கண் இல்லை என்றாள்.

புதுக் கண்ணாடி மூக்கில் உட்கார்ந்தபோது அவள் முதலில் பார்த்தது சுவரிலிருந்த எழுத்துப் பலகையை அல்ல... அவனைத்தான். மழைத்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த இமைகள். அதற்குள்ளே சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். கலங்கலாகவே இருந்திருக்கலாமோ... நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

"தெளிவா தெரியுதாம்மா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"ரொம்ப..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எஞ்சினியருக்குக் கோர்ட் பக்கமாகவே வேலை வந்தது. அளக்க வந்தேன் என்பான், அளவு நாடாவை மறந்திருப்பான். அவள் கேலி செய்வாள். ஒருநாள் இருவருமாகப் புல்லைச் செதுக்கி, மண்ணுக்கடியில் புதைந்திருந்த வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். கோட்டின் மேல் அவள் விரலும் அவன் விரலும் பட்டும் படாமலும் நின்றன... இரண்டு பேருமே எடுக்கவில்லை.

அந்த வாரமே அவள் கடைசி ஃபைனலில் கோப்பை வாங்கியவரையும் தேடிப் பிடித்துவிட்டாள். பக்கத்து நகரத்தில் பல் டாக்டராக இருந்தார் அந்தம்மா. விளையாடி வாங்காத கோப்பை என்பதால் அதை அலமாரியில் வைக்க மனசு வரவில்லை என்று சொன்னார். வாசலில் குடை செருகத்தான் அது பயன்பட்டது. ஓடிப்போனவள் யார் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அவள் அதை மறைக்கவில்லை. மறுநாள் டீ குடிக்கும்போது அவனிடம் நேராகவே சொன்னாள். அந்தக் கடைசி ஆட்டக்காரி உங்க அம்மாதானே என்று கேட்டாள்.

அவன் முகம் கதவடைத்த மாதிரி ஆனது. பள்ளிக்கூடத்தில் அவனை 'ஓட்டக்காரி பையன்' என்றுதான் கூப்பிட்டார்களாம். வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்களாம். இந்த வேலையை அவன் கேட்டு வாங்கியதே அந்தக் கோர்ட்டைத் தன் கையால் தோண்டி எறியத்தான்.

"எழுதாதீங்க. எங்கம்மா பட்டது போதும்" என்றான்.

"நான் எழுதாட்டி, ஊர் சொல்றதுதான் நிக்கும். அவங்க வாயால கேக்காம ஒரு வரி எழுத மாட்டேன். ஆனா கேக்காம விடவும் மாட்டேன்."

அவன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

பிறகு பேச்சு வார்த்தை எல்லாம் மேஸ்திரி மூலமாகத்தான். மேடத்தை அந்தப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லு என்பான், ரெண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு. சாருக்குக் காது கேக்குதான்னு கேளு என்பாள் இவள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார். அறைக்குப் போனதும் அவளுக்கு அழுகை முட்டும். போகட்டும், எனக்கென்ன... என்று நினைப்பாள். நினைத்த மறுநிமிஷமே ஜன்னலோரம் வந்து நீலச் சட்டையைத் தேடுவாள்.

ஆனால் எடுத்த காரியத்தை விடவில்லை. நாளைக்கு உங்க அம்மாவைப் பார்க்கப் போகிறேன், திருட்டுத்தனமாக இல்லை, சொல்லிவிட்டுத்தான் போகிறேன் என்று மேஸ்திரியிடமே சொல்லியனுப்பினாள்.

அவள் கடைக்குள் நுழைந்தபோது அவன் ஏற்கனவே அங்கே நின்றான், காவல்காரன் மாதிரி. அம்மா ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி முறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்ல இஷ்டமில்லை என்றால் இப்போதே போய்விடுவதாகவும் சொன்னாள்.

அம்மா தலை நிமிராமலேயே சொன்னாள். "நீ ஒருத்திதான் ஏன்னு கேட்டிருக்கே. மத்தவங்க எல்லாம் ஓடிட்டேன்னு திட்டத்தான் செஞ்சாங்க."

பிறகு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஃபைனலுக்கு முன் இரண்டு தடவை அவளுக்குக் கரு தங்கவில்லை. மூன்றாவது உண்டானதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆட விடமாட்டார்கள். மூன்றாவது செட், ஜெயிக்கிற ஆட்டம்... சர்வ் போட கையைத் தூக்கியபோது அடிவயிற்றில் சுருக்கென்று வலித்தது. மட்டையை அங்கேயே போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

"கோப்பையா குழந்தையான்னு நான் யோசிக்கக்கூட இல்ல" என்றாள் மகனைப் பார்த்து. "காரணம் சொல்லியிருந்தா, புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு ஆடினாளான்னு உங்க பாட்டி வீட்டு ஆளுங்க என்னைக் கொன்னிருப்பாங்க. உங்க அப்பாவுக்கு மட்டும் தெரியும்."

அவன் குரல் உடைந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"உனக்காக விட்டேன்னு சொன்னா அது உன் தலையில பாரமா ஏறும்டா. ஓடினவ மகன்னா நீ கோபப்பட்டுப் பிழைச்சுக்குவே. ஆனா ஒண்ணு... என்னாலதான் அந்தப் போட்டியே நின்னு போச்சு. அது மட்டும் இன்னும் உறுத்துது."

"இல்லைங்கம்மா" என்றாள் அவள். டாக்டரம்மாவே அவளிடம் சொல்லியிருந்தார், அவருடைய மாமாதான் அப்போது ஓட்டல் முதலாளி. புதுச் சாலை ஏரியின் மறுபக்கம் போனதால் ஆள் வரத்து குறைந்து, ஓட்டல் அந்த ஃபைனலுக்கு முன்பே நொடித்திருந்தது. அதுவே கடைசிப் போட்டி என்று குடும்பத்துக்குள் முடிவுசெய்துவிட்டார்கள். ஊர் தானாக ஒரு காரணம் கட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அம்மா திருகாணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் நிறுத்தலையா..." என்றாள், சின்னப் பெண் மாதிரி.

"நீங்க நிறுத்தல. மீதி ஆட்டத்தை ஆடிடறீங்களா? டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு."

முழங்கால் வலி, மூச்சு வாங்கும், ஊர் சிரிக்கும் என்று அம்மா அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே பரணைப் பார்த்தாள். மகன் ஏறி, அங்கே கிடந்த பழைய மட்டையை இறக்கினான்.

தோண்ட வந்தவன் கோர்ட்டைத் தயார் செய்தான். ஆட்களை விடாமல் தானே உருளை இழுத்தான். தானே சுண்ணாம்புக் கோடு போட்டான். முதலாளி முணுமுணுத்தார். ஆட்டம் முடிகிறவரை கடப்பாறை இறங்காது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்ட வெயில். பல் டாக்டர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். இரண்டு பெண்களும் நெட்டுக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை. விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கியது. பந்து பாதி நேரம் ஏரிப் பக்கம் பறந்தது. ஓட முடியாத இடத்தில் திட்டிக்கொண்டார்கள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை, இருவருமே.

அம்மா தோற்றாள்.

கடைசிப் பந்து கோட்டைத் தாண்டி விழுந்தபோது வேலியோரம் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவளோ இடுப்பில் கைவைத்து, வியர்வை வழிய, வாய்விட்டுச் சிரித்தாள். "தோத்துட்டேன்டா" என்றாள் மகனிடம். வேறு எந்தச் செய்தியும் அவளை அவ்வளவு சந்தோஷப்படுத்தியிருக்காது. "முழுசா ஆடித் தோத்துட்டேன். இனிமே தோண்டிக்கோ. மண்ணுதானே."

எல்லாரும் டீ குடிக்கச் சமையலறைப் பக்கம் போனார்கள். அவன் நெட்டை அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கினான். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். சுருட்டச் சுருட்ட இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

"அத்தியாயம் எழுதி முடிச்சாச்சுன்னா நான் ஊருக்குக் கிளம்பணும்" என்றாள் அவள். "கிளம்ப மனசு வரல. அதுக்குக் காரணம் புத்தகம் இல்ல... நீங்க. கேட்டுட்டு நீங்க என்ன நினைச்சாலும் சரி, சொல்லாம போறதா இல்ல."

அவன் நெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்தது.

"இதை நான்தான் முதல்ல சொல்றதா இருந்தேன். காலையில அம்மாகிட்ட ஒத்திகைகூடப் பாத்தேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"நீ சொன்னா நல்லா இல்லடா, அவளே சொல்லட்டும்னாங்க."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். அவன் நிமிர்ந்து அவள் கண்களை நேராகப் பார்த்தான்.

"நல்லா இல்லாட்டியும் சொல்றேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இங்கயே இருந்துடுங்களேன்..."

"இருக்கேன்" என்றாள் அவள்.